இடைவேளையை மட்டும் மாற்றணுமாம்!

"கதை அப்படியே இருக்கட்டும், இடைவேளையை மட்டும் கொஞ்சம் மாத்திக் கொடுங்க." தயாரிப்பாளர்கள் சொல்லும் இந்த வரியைக் கேட்டாலே, திரைக்கதை எழுதுகிற எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. திரைக்கதையில் 'மட்டும்' என்று ஒன்று கிடையவே கிடையாது. இத்தனை படம் எடுத்தவர்களுக்கு இதை யார் சொல்வது?

போன வாரம் புதுச்சேரியில் டிஸ்கஷன். கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ஏசி ரூம், தயாரிப்புத் தரப்பில் நாலு பேர். கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன், டிக்கெட்டும் என் காசுதான். கதை நடப்பது கடலூர் முதுநகர் துறைமுகத்தில். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புரட்டிப்போட்ட ஊர். புயலில் அடிபட்ட படகை அப்பாவுக்குத் தெரியாமல் மகள் விற்றுவிடுகிறாள். படகு ரிப்பேரில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அவர் புது வலைக்குக் கடன் வாங்குகிறார். படகு கைவிட்டுப் போனது அவருக்குத் தெரியவரும் இடம்தான் இடைவேளை. அதற்கு முன்னால் டீக்கடையில் உட்கார்ந்து, அடுத்த சீசனுக்கு யாரையெல்லாம் கடலுக்குக் கூட்டிப்போவேன் என்று விரல் விட்டு எண்ணுவார். பார்க்கிற நமக்கு வயிறு கலங்கும். அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்பதால் வரும் கலக்கம் அது. முதல் பாதி முழுக்க அந்த ஒரு பொய்யின் மேல்தான் நிற்கிறது.

அவர்கள் சொன்னது என்ன தெரியுமா? "அப்பாவுக்கு உண்மை தெரியறதை 25-ஆம் பக்கத்துக்குக் கொண்டு வாங்க. இடைவேளைக்குத் துறைமுகத்துல ஒரு ஃபைட் வைங்க." ஏன் என்று கேட்டேன். "25-ல ப்ளாட் பாயின்ட் வரணும். அதுதான் ஸ்ட்ரக்சர்." ப்ளாட் பாயின்ட் என்றால் கதை திசை திரும்பும் இடம்.

சரி, ஸ்ட்ரக்சரையே பேசுவோம். அந்த 25 அமெரிக்காவில் திரைக்கதை எழுதச் சொல்லிக்கொடுத்த சிட் ஃபீல்ட் 1979-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கில் 120 பக்கம். முதல் அங்கம் 30, நடு 60, கடைசி 30. முதல் திருப்பம் 25, 27-க்குள். நல்ல கணக்குதான், நானும் அதைப் படித்துத்தான் வந்தேன். ஆனால் நடுவில் விளக்கைப் போட்டு ஜனங்களை வெளியே அனுப்பாத நாட்டின் கணக்கு அது. இங்கே எழுந்து போனவர் திரும்பி வந்து உட்கார ஒரு காரணம் வேண்டும். அதை முதல் பாதி முழுக்கச் சேர்த்து வைத்தால்தான் இடைவேளையில் கொடுக்க முடியும். 25-லேயே உடைத்தால் அப்பாவின் கடன், மகளின் பயம், டீக்கடை எல்லாமே செத்த ஸீன். எது நடந்ததால் எது நடக்கிறது என்பதுதான் ஸ்ட்ரக்சர். பக்க எண் அதற்குப் பின்னால்தான் வரும். அந்த ஃபைட்டில் யார் யாரை எதற்காக அடிக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "அதை நீங்கதான் யோசிக்கணும் ரைட்டர் சார்" என்று பதில்!

இந்த 'மட்டும்' என்றால் பாதி ஸ்கிரிப்ட்டைத் திரும்ப எழுத வேண்டும். அதற்குச் சம்பளம்? "கரெக்‌ஷன்தானே சார்." கேமராவுக்கு நாள் வாடகை, லைட்மேனுக்கு பேட்டா, நடிகருக்கு கால்ஷீட். எழுதுகிறவனுக்கு மட்டும் நாள் கணக்கே கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டு, காலையில் வந்துவிடுங்கள் என்பார்கள். டோக்கன் அட்வான்ஸோடு சரி. மீதி எப்போது என்றால், ஹீரோ டேட் கிடைக்கட்டும் என்பார்கள். வீட்டு வாடகை ஹீரோ டேட்டுக்குக் காத்திருக்குமா?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் தெளிவாகவே இருக்கிறது: உரிமையை மாற்றிக் கொடுப்பது கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும், என்ன தொகை என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். 2012 திருத்தம் வந்த பிறகு, தியேட்டருக்கு வெளியே படம் ஓடும் இடங்களில் எழுதியவருக்கு ராயல்டியில் பங்கு உண்டு. ஆனால் ஒப்பந்தம் என்று வாயைத் திறந்தால் உடனே "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகம் மாறுகிறது. என் பக்கத்தில் எல்லாம் 25-ஆம் பக்கத்தில் சரியாக வர வேண்டும். உங்கள் பக்கத்தில் ஒரு தாள், ஒரு தேதி, ஒரு தொகை கிடையாது. என்ன நியாயம் இது?

இன்று காலையும் போன். "ஃபைட் யோசிச்சீங்களா?" யோசிக்கவில்லை, யோசிக்கவும் மாட்டேன். அந்த அப்பாவுக்கு உண்மை தெரிகிற இடம் இடைவேளைதான். ஃபைட் உள்ள கதை வேண்டுமென்றால் அது வேறு கதை. அதற்குத் தனியாக ஒப்பந்தம் போட்டு, தொகையை எழுதி, கையெழுத்தோடு கடலூருக்கு அனுப்புங்கள்.