முட்டை ஓடு பற்றி ஒரு சிறு திருத்தம்
முட்டை ஓட்டைக் கொடுத்தால் கோழி தன் முட்டையையே கொத்தித் தின்னப் பழகும் என்று உங்கள் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். நொறுக்கிய ஓட்டால் அப்படி ஆவதில்லை, நண்பரே. ஓடு மெலிந்து கூடையிலேயே உடையும் முட்டையை ருசி பார்த்துத்தான் பெரும்பாலும் அந்தப் பழக்கம் தொற்றுகிறது. மெலிவதற்கு முக்கியக் காரணம் கால்சியக் குறைவு. கம்பு, சோளம், அரிசியில் கால்சியம் மிகக் கொஞ்சம்; முட்டை ஓட்டில் நிறைய.

தவறு, அரை ஓட்டை அப்படியே போடுவது. கழுவி, வாணலியில் ஈரம் போக வறுத்து, மிளகைவிடச் சிறிதாக நொறுக்குங்கள். தீனியோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்; முட்டையிடும் கோழி தேவையானதை எடுத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், மிகுதியான கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சந்தேகமிருந்தால் 3 வாரம் இப்படி வைத்து, கூடையில் உடைந்த முட்டைகளைத் தினமும் எண்ணிக் குறித்துப் பாருங்கள்.