செயின்ட் லூசியா: எந்த விமான நிலையம் என்று பாருங்கள்

கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில், "விமானம் இறங்கினால் பத்தே நிமிடத்தில் ராட்னி பே" என்று யாராவது எழுதியிருந்தால், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். ராட்னி பே தீவின் வடக்கே உள்ள கடற்கரைச் சுற்றுலாப் பகுதி. தீவில் இரண்டு விமான நிலையங்கள் உண்டு. அந்தக் கணக்கு ஓரளவு பொருந்துவது வடக்கே காஸ்ட்ரீஸில் உள்ள ஜார்ஜ் சார்ல்ஸ் நிலையத்துக்குத்தான். அதன் ஓடுபாதை குட்டை. பக்கத்துத் தீவுகளின் சிறிய விமானங்களே அங்கே வரும். லண்டன், நியூயார்க், மியாமியிலிருந்து வரும் பெரிய விமானங்கள் தென்கோடியில் வியூ ஃபோர்ட் அருகே ஹெவனோராவில் இறங்கும். அங்கிருந்து ராட்னி பே போக வளைந்து நெளியும் மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் ஆகும். திரும்பும் நாளில் இதை மறந்தால் விமானமே போய்விடும், தயவுசெய்து கவனியுங்கள். அப்புறம், டாக்சிகளில் மீட்டர் கிடையாது. ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசி, அது அமெரிக்க டாலரா, உள்ளூர் நாணயமான கிழக்குக் கரீபிய டாலரா என்றும் கேளுங்கள். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபிய டாலர்.