முட்டையும் பருப்பும் கட்டியை வளர்ப்பதில்லை

"கட்டியை வளர்ப்பதே புரதம்தான், முட்டை, பருப்பை நிறுத்துங்கள்" என்று புற்றுநோயாளிகளுக்கு ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். சாப்பிடும் புரதம் குடலிலேயே அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். கட்டியை வளர்க்கும் புரதங்களைப் புற்றுச் செல்லே தன் மரபணுவைக் கொண்டு தயாரிக்கிறது.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில், 9ஆம் குரோமோசோமின் துண்டும் 22ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் என்ற புதுப் புரதம் உருவாகிறது. ஆரோக்கியமான செல்லில் இருக்கும் சாதாரண ஏபிஎல் புரதம் தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யும், இதுவோ அணைக்கவே முடியாத ஸ்விட்ச் மாதிரி, 'பெருகு, சாகாதே' என்று செல்லுக்குச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். இமாடினிப் மாத்திரை அந்தப் புரதத்தில் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) வந்து உட்காரும் குழியை அடைத்துக்கொள்கிறது, சமிக்ஞை நின்றுவிடுகிறது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. இதனால் பலர் பல ஆண்டுகளாக நன்றாக வாழ்கிறார்கள்.

அப்புறம், சிகிச்சையில் இருப்பவர்களுக்குத் தசை கரைவது ஒரு பெரிய ஆபத்து. பெரும்பாலும் வழக்கத்தைவிடக் கூடுதல் புரதமே அவர்களுக்குத் தேவை; சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.