பைப் வேலைக்காகத் தண்ணீரை எத்தனை நாளும் நிறுத்தலாமா?

அண்ணே, பைப் வேலை நடந்தால் வீட்டுக்காரர் எத்தனை நாளும் தண்ணீரை நிறுத்தலாம், மாற்றுத்திறனாளி குடியிருந்தாலும் கேட்கச் சட்டம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை.

காரைக்குடி போன்ற நகரப் பகுதிகளுக்கு 2017ஆம் ஆண்டின் 42ஆம் எண் தமிழ்நாடு வாடகைச் சட்டம் உண்டு. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தண்ணீரும் கழிப்பிட வசதியும் அதில் அத்தியாவசியச் சேவைகள். வீட்டுக்காரர் அவற்றைத் தடுத்து வைக்கக்கூடாது. தடுத்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும் முன்பே தண்ணீர் விடச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போடலாம்.

வேலைக்காகச் சில மணி நேரம் நிறுத்துவது வேறு, அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நம்ம ஊர் வீடுகளில் "கிணற்றில் இறைச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சக்கர நாற்காலியில் இருப்பவர் பின்கட்டு வாசற்படியைத் தாண்டிக் குடத்தை எப்படிக் கொண்டுவருவார்? முந்தின நாளே சொல்லி, குளியலறையில் கை எட்டும் உயரத்தில் இரண்டு வாளி நிரப்பி வைத்தால் பாதிக் கஷ்டம் தீரும்.

சந்தேகம் இருந்தால், இந்தியா கோட் அரசுத் தளத்தில் தமிழ்நாடு, 2017, 42 என்று தேடி, அத்தியாவசியச் சேவை பற்றிய பிரிவை நீங்களே படித்துப் பாருங்கள்.