டாக்டர்மாரே, ஃபிட்ஸ்தானேன்னு சொல்லிட்டு, அபூர்வமா அதுல உயிரே போகலாம்ங்கிற மிச்சத்த ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?

பொம்பளப்பிள்ளைக்கு ஃபிட்ஸ்னு வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு எங்க மாமி இன்னிக்கும் சொல்லுவாங்க, இந்த பதிவு அவங்க கண்ணுல பட்டா எனக்கு ஒரு வாரம் பேச்சுவார்த்த கிடையாது. பரவால்ல.

மகளுக்கு நாலு வயசுல ஆரம்பிச்சது, இப்ப பதினொண்ணு. மொதல்ல நம்ம மார்த்தாண்டம் பக்கத்துலயே ஒரு ஆஸ்பத்திரிலதான் காட்டினோம், பேரு வேண்டாம். மாத்திரைய விடாதீங்கம்மா, ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுரும், பயப்படாதீங்கன்னு ஒவ்வொரு தடவையும் அதே மூணு வரிதான். ஏன் விடக்கூடாதுன்னு அவரும் சொல்லல நாங்களும் கேக்கல. அதனால எங்களுக்கு அது சளி மாத்திரை மாதிரி ஆயிப்போச்சு, காலைல மறந்தா மத்தியானம், கல்யாண வீட்டுக்கு போனா மறுநாள். மாத்திரை போட்டா பிள்ளை தூங்கி வழியுதேன்னு பரீட்சை சமயத்துல நானே பாதியா ஒடிச்சு குடுத்திருக்கேன், இத டைப் பண்ணவே கை கூசுது.

வீட்டுக்காரருக்கு ரப்பர் மரம் வெட்டி பால் எடுக்கிற வேலை. ராத்திரி மூணு மணிக்கே தலையில லைட்ட மாட்டிட்டு கிளம்பிருவார், கொஞ்ச நேரம் கழிச்சு நானும் வாளிய தூக்கிட்டு பின்னால போயிருவேன். பிள்ளை தனியா ஒரு ரூம்ல, மாமி அடுத்த ரூம்ல. ஒருநாள் போன கொஞ்ச நேரத்துல மழை பிடிச்சுது, வெட்டு நடக்காதுன்னு திரும்பி வந்தா பிள்ளை குப்புற கிடக்கு, முகம் தலையணைக்குள்ள, தலையணை உறை நனைஞ்சு, உதடு ஞாவப்பழம் மாதிரி. பிடிச்சு புரட்டி போட்டேன். கொறட்ட மாதிரி ஒரு பெரிய மூச்சு இழுத்துச்சு. வந்துட்டு போயிருக்கு போலன்னு நெனச்சேன், அவ்ளோதான். உறைய கழுவி காயப்போட்டுட்டு கட்டஞ்சாயா போட போயிட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துல ஒரு சின்ன வயசு டாக்டரம்மாதான் உக்கார வெச்சு சொன்னாங்க. வலிப்பு உள்ளவங்களுக்கு ரொம்ப அபூர்வமா திடீர்னு உயிர் போறது உண்டு, சூடெப்னு அதுக்கு பேரே இருக்கு, பெரும்பாலும் தூக்கத்துல, பெரிய வலிப்பு ஒண்ணு வந்து அடங்கினதும் மூச்சு நின்னு பின்னாலயே இதயமும் நின்னுரும், அப்படி போனவங்கள்ல நிறைய பேரு குப்புற கிடந்திருக்காங்கன்னு. கடைசியா "மோளெ ராத்ரி ஒற்றய்க்கு கிடத்தருது, கேட்டோ"ன்னாங்க, மகள ராத்திரி தனியா படுக்க வைக்காதீங்கன்னு. எனக்கு அந்த தலையணை உறைதான் கண்ணுல வந்துச்சு. அன்னிக்கு மழை பெய்யாம இருந்தா?

கணக்கையும் சொல்லிருதேன், இல்லன்னா படிக்கிறவங்க பதறிருவீங்க. 2017-ல அமெரிக்க நரம்பியல் டாக்டர்கள் போட்ட வழிகாட்டுதல்ல, வலிப்பு உள்ள பிள்ளைகள்ல வருஷத்துக்கு 4500-ல ஒண்ணு, பெரியவங்கள்ல 1000-ல ஒண்ணுன்னு இருக்கு. அதுக்கப்புறம் சுவீடன்லயும் கனடாவுலயும் எண்ணிப் பாத்ததுல பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட பெரியவங்க அளவுக்கு வருதுன்னாங்க. எப்படி பாத்தாலும் கம்மிதான். ஆனா கை கால் வெட்டி இழுக்கிற பெரிய வலிப்பு வருஷத்துக்கு மூணுக்கு மேல வந்தா ஆபத்து 15 மடங்கு, வலிப்பே வராம அடங்கிட்டா ரொம்ப குறைஞ்சிரும். நான் பாதியா ஒடிச்ச மாத்திரைக்கு இதுதான் அர்த்தம், யாராவது சொல்லியிருந்தா ஒடிச்சிருப்பேனா? குடும்பத்துக்கிட்ட இத எடுத்து சொல்லணும்னு அதே வழிகாட்டுதல்லயே எழுதி வெச்சிருக்கு வேற.

பெத்தவங்க பயந்துருவாங்கன்னு டாக்டர்மாரு சொல்ற காரணம் எனக்கு ஒத்துக்கவே முடியல. தோட்டத்துல அணலி பாம்பு கிடக்குன்னு சொன்னாதான டார்ச்சும் பூட்ஸுமா போவோம், பாவம் பயந்துருவான்னு மறைச்சு யாராவது வெறுங்காலோட அனுப்புவாங்களா? எங்க வீட்டுக்காரர் மட்டும் இப்பவும், தெரியாமலே இருந்திருந்தா நிம்மதியா வெட்டுக்கு போயிருப்பேன்னு சொல்றார். அவர் ராத்திரி ரெண்டு தடவ எந்திரிச்சு பிள்ளை மூச்ச பாக்கிறத நானும் பாக்கேன், அவரையும் குத்தம் சொல்ல முடியல.

இப்ப மாமி கட்டில் பிள்ளை ரூம்ல. பஞ்சு தலையணைய எடுத்தாச்சு, மூக்குல அடிக்கிற மிடாசோலம் ஸ்ப்ரே அலமாரி மேல, அஞ்சு நிமிஷம் தாண்டினா அடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். மாத்திரை பத்து நாளைக்கு எப்பவும் கூடுதலா இருக்கும், ஏன்னா நம்ம ஊர் கடையில நம்ம கம்பெனி மாத்திரை எப்ப தீரும்னு கடவுளுக்குதான் தெரியும். கூட படுத்தா கண்டிப்பா காப்பாத்திரலாம்னு உறுதி இல்லன்னும் டாக்டரம்மா சொல்லிட்டாங்க, ஆனா ஒருக்களிச்சு படுக்க வைக்க ஒரு ஆளு வேணும்ல. இரும்புச் சாவிய கையில திணிக்கிற வேலைய மாமி விடல, அத நான் தனியா சண்ட போட்டுக்கிறேன். ரெண்டு வகை மருந்த சரியா குடுத்தும் வலிப்பு அடங்கலன்னா ஆபரேஷன் பண்ண முடியுமான்னு கேளுங்க, திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரில 1995-லேயே அத தொடங்கியாச்சு, பாதிப்பேருக்கு அதுவே தெரியாது.

போன வாரம் பக்கத்து தெருவுல ஒரு பையனுக்கு புதுசா ஃபிட்ஸ்னு அவங்கம்மா வந்து அழுதா. டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டேன், அதே மூணு வரி. சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நிமிஷம் தயங்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். அழுகை நின்னுச்சு. கொஞ்ச நேரம் செவர பாத்துட்டு இருந்தா, அப்புறம் மொபைல எடுத்து, "அக்கா, ராத்திரி மாத்திரைக்கு அலாரம் எட்டுக்கு வைக்கவா ஒம்பதுக்கு வைக்கவா?"ன்னு கேட்டா.