சீனத்தில் பெண் மருத்துவர்கள்: ஒரு சிறு திருத்தம்

மேலே, "பழைய சீனத்தில் பெண்கள் பிரசவம் பார்த்ததோடு சரி, மருத்துவர்களாக யாரும் இருந்ததில்லை" என்று ஒரு கருத்து இருக்கிறது. பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியில்லைங்க.

ஹான் வம்ச வரலாறான 'ஹான் ஷு'விலேயே 'நூ யீ' என்ற சொல் வருகிறது. பெண் மருத்துவர் என்பதுதான் நேர்ப்பொருள். சுன்யு யான் என்பவரை அப்படிக் குறிக்கிறார்கள். கி.மு. 71-இல் ஷு பேரரசிக்கு மருந்தில் விஷம் கலந்து கொடுத்தவர் இவர்! பெயர் நிலைத்த காரணம் நல்லதல்லதான், ஆனால் அரண்மனைக்குள் வைத்தியம் பார்க்க ஒரு பெண் போய்வந்தது அதில் தெளிவு.

அப்புறம் மிங் காலத்து டான் யுன்ஷியன். பாட்டியிடமும் தாத்தாவிடமும் வைத்தியம் படித்தவர். 1511-இல், ஐம்பது வயதில், தான் பார்த்த 31 நோயாளிகளின் குறிப்புகளைப் புத்தகமாக்கினார். எல்லாரும் பெண்கள். படகில் சுக்கான் பிடித்துப் பிடித்து கை மரத்துப்போன ஒருத்திகூட அதில் உண்டு. இது பிரசவ வேலை இல்லையே?

அரசு மருத்துவப் பதவிகள் பெரும்பாலும் ஆண்களிடம் இருந்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

சரிபார்ப்பது எளிது. 'சைனீஸ் டெக்ஸ்ட் புராஜெக்ட்' தளத்தில் 'ஹான் ஷு' இலவசமாக இருக்கிறது. பேரரசிகளின் உறவினர் பற்றிய பகுதியைத் திறந்து, 'பெண்', 'மருத்துவர்' ஆகிய இரண்டு சீன எழுத்துகளையும் (女醫) சேர்த்துத் தேடுங்கள். டான் நூலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது.