நான்கு கறுப்புக் கட்டங்களுக்கு மின்சாரம் ஊட்டிய கதை

"கரண்ட் போனா கமெராவும் போகும்தானே, சேர்" என்று இன்று காலை, எங்கள் வீட்டுக்குக் கண்காணிப்புக் கமெரா பூட்டித் தந்த தம்பி என் முற்றத்தில் நின்று சொன்னபோது, அவருடைய முகத்தில் துளிக் கபடமும் இருக்கவில்லை. மழை பெய்தால் நிலம் நனையும் என்று சொல்வதைப் போல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். மின்சாரம் போன பிறகும் கமெரா விழித்திருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவரை அழைத்தேன் என்பதும், அதற்கென்றே தனியாகப் பணம் எண்ணிக் கொடுத்தேன் என்பதும் அவருக்கு எப்படித்தான் மறந்ததோ!

மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருப்பவனுக்கு இருட்டு புதிதில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே அணைந்தது என்றார்கள். ஆகவே இம்முறை அனைத்தையும் முன்யோசனையோடு செய்வதென்று ஒற்றை றூல் கொப்பியில் படம் கீறினேன். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், கமெராக்களுக்கு மின்சாரம் அனுப்பும் பிஓஇ சுவிட்ச், பதிவுப் பெட்டி ஆகிய நான்கும் படிக்கட்டின் கீழுள்ள அலுமாரியில். நான்குக்கும் சேர்த்து, கரண்ட் போனால் பற்றரியில் தாங்கும் ஒரே யூபிஎஸ். நெட்வேர்க் வயர் ஒன்றே 100 மீற்றர் வரை படத்தையும் மின்சாரத்தையும் சேர்த்துச் சுமக்கும் என்பதால், அலுமாரிக்கு உயிர் இருந்தால் நான்கு கமெராக்களுக்கும் உயிர் இருக்கும். தம்பி அந்தத் தாளை வாங்கினார், "சூப்பர் சேர்" என்றார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சட்டையோடு சேர்ந்து அதுவும் சலவைக்குப் போயிருக்க வேண்டும்.

நேற்றிரவு வாடைக்காற்றும் மழையுமாக இருந்தபோது, எட்டரை மணிக்கு மின்சாரம் போனது. யூபிஎஸ் கீச்சிட்டது. அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரம் போலக் கேட்டது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். "பயப்படாதீங்க அம்மா, நம்மட கமெரா முழிச்சிருக்கு" என்று பெருமையடித்துக்கொண்டே தொலைக்காட்சியைப் போட்டேன். திரை பளிச்சென்று வந்தது. அதில் நான்கு கட்டங்கள், நான்கும் மைக்கறுப்பு, ஒவ்வொன்றின் நடுவிலும் படம் இல்லை என்ற அறிவிப்பு.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு வயரின் பின்னால் நடக்கத் தொடங்கினேன். ஃபைபர் பெட்டி முன் விறாந்தைச் சுவரில், துளையிட வசதியாக இருந்த இடத்தில், ரவுட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செத்துக் கிடந்தது. (பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்காவது மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும், ஊர் இருண்டாலும் அது பேசும். முன்னேறிவிட்டோம்.) ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், பிஓஇ சுவிட்ச் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில், ஓட்டுச் சூட்டில், விசிறிக்குப் போகும் லைனில் கொழுவப்பட்டிருந்தது. அப்படியானால் அந்த யூபிஎஸ் எதைத்தான் தாங்குகிறது? இறங்கி வந்து பின்பக்கம் பார்த்தேன். பதிவுப் பெட்டியையும், 43 அங்குலத் தொலைக்காட்சியையும்! திருடன் வந்தால் அவனைக் காணக் கண் கிடையாது, ஆனால் காணாததைப் பெரிதாகக் காட்டத் திரை இருக்கிறது. கமெராக்களுக்குக் கிடைக்காத மின்சாரத்தை அந்த நான்கு கறுப்புக் கட்டங்களும் குடித்துக்கொண்டிருந்தன. நாலு மணித்தியாலம் நிற்கும் என்று சொல்லித் தந்த யூபிஎஸ் அரை மணித்தியாலம் கூட நிற்காமல், இன்னும் வேகமாகக் கீச்சிட்டு, அதுவும் கண்ணை மூடியது. "இது ஏன் மனே இப்பிடிக் கத்திச்சு, மறுகா ஏன் நிண்டுட்டு?" என்று அம்மா இருட்டுக்குள்ளிருந்து கேட்டார். என்ன சொல்ல?

காலையில் தம்பி கொண்டு வந்த தீர்வு, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு யூபிஎஸ் வீதம் இன்னும் மூன்று வாங்குவது. கொப்பியை மீண்டும் எடுத்தேன். தொலைக்காட்சியைக் கழற்றிவிட்டால் எல்லாவற்றுக்குமாக ஏறக்குறைய 45 வாற், நாலு மணித்தியாலத்துக்கு 180 வாற் மணி. யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ற் 7 ஆம்பியர் மணிப் பற்றரி காகிதத்திலேயே 84தான் தரும். கையில் கிடைப்பது அதிலும் குறைவு. 40 ஆம்பியர் மணிப் பற்றரி ஒன்றும் சிறிய இன்வேட்டர் ஒன்றும் இருந்தால், பற்றரியைப் பாதிக்கு மேல் வற்றவிடாமலே காரியம் முடிந்துவிடும் என்று விரல் வைத்து விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்பிடிக் கணக்குப் பார்த்தா ஒரு வேலையும் செய்ய ஏலாது, சேர்" என்றார்.

கிணற்றடிக் கமெராவின் இணைப்பைப் பற்றி விரிவாக எழுதினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். பெட்டியோடு வந்த மழைமூடியைப் போடாமல் டேப்பைச் சுற்றியிருக்கிறார். நான்கு மாத உப்புக்காற்றில் டேப்புக்குள் பச்சை பூத்து, இழுத்தவுடன் செம்பு பொடியாகக் கையில் உதிர்ந்தது. பயன்படுத்தாத மழைமூடிகள் நான்கும் பெட்டிக்குள் புத்தம் புதிதாக இருக்கின்றன.

அவர் போன பிறகு, இத்தனை மாதத்தில் இந்த ஏற்பாடு எதையாவது பிடித்திருக்கிறதா என்று பதிவுகளைப் பின்னோக்கி ஓட்டினேன். ஒன்றே ஒன்று தெளிவாகக் கிடைத்தது. கமெரா பூட்டிய முதல் நாளில், தம்பி ஏணியில் நின்று கண்ணாடியைத் துடைக்கிறார். இரு பக்கமும் பார்க்கிறார். எட்டி எங்கள் கொய்யாவில் ஒன்றைப் பறித்து, சட்டையில் துடைத்து, ரசித்துக் கடிக்கிறார். சுள்ளென்று வெயில் எறிக்கிறது. திரையின் மூலையில் நேரம் இரவு 7.10. பதிவுப் பெட்டி இன்னும் சீன நேரத்திலேயே, நம்முடையதற்கு இரண்டரை மணித்தியாலம் முன்னால், ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். கொய்யா குறைந்ததற்கு இத்தனை நாளும் அணிலைத் திட்டியிருக்கிறோம்.